துளசிச் சாதியின் மணவேற்றுமையும் தாவர இனவிருத்தியும்

ஒரு பொருளின் பெயரை அறிந்தவர் அப்பொருளை முற்றும் அறிந்தவராகார். பெயர் ஒன்றாயிருக்கப் பொருள் பலவாதலும், பெயர் பலவாயிருக்கப் பொருள் ஒன்றாதலும் உலகில் உண்டு. இவ்விரு நிலைகளுக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டாக அமைவது துளசி. கோயில் நந்தவனத்திலும் மனைமுற்றத்து மாடத்திலும் போற்றி வளர்க்கப்படுவது துளசி. கொல்லைப்புறத்தில் வளர்ந்து, இலையின் மணத்துக்காகவும் விதைக்காகவும் கொள்ளப்படுவது திருநீற்றுப்பச்சை. நீரில் ஊறியதும் வழுவழுப்பான உறை பூண்டு சர்பத்திலும் பலூடாவிலும் மிதக்கும் விதை இத்திருநீற்றுப்பச்சையின் விதையே. இலங்கையில் அது கசகசா என்னும் பெயரால் விற்கப்படுகின்றது. இவையன்றி நாய்த்துளசி, பெருந்துளசி, கற்பூரத்துளசி எனப் பிறவும் உள. இவை யாவற்றையும் தாவரவியலார் ஓசிமம் என்னும் ஒரே சாதியுள் அடக்குவர்.

சுவீடன் நாட்டு அறிஞர் இலினேயசு 1753 இல் வெளியிட்ட நூலில் ஓசிமம் என்னும் பெயர் இடம்பெற்றது. திருநீற்றுப்பச்சை ஓசிமம் பசிலிக்கம் என்றும், துளசி ஓசிமம் தெனுயிபுளோரம் என்றும் அந்நூலிலேயே பெயர் பெற்றன. பின்னர் 1767 இல் அவரே துளசிக்கு ஓசிமம் சாங்தம் என மற்றொரு பெயரையும் இட்டார். ஒரே செடி இரண்டு அறிவியற் பெயர்களைத் தாங்க நேர்ந்தமை இங்ஙனமே. இச்சாதியில் ஏறத்தாழ 65 இனங்கள் உள்ளன என 1999 இல் கியூ தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த பேற்றனும் அவர்தம் துணைவரும் கணக்கிட்டனர். அவற்றுள் மிகுதியானவை ஆபிரிக்காவில் வளர்வன.

இனங்களைப் பெயரிட்டு வகுத்தலோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. ஒரே இனத்துள், இலையாலும் பூவாலும் வேறுபாடு காணவியலாத இரு செடிகளுள் ஒன்று கராம்பு மணக்கவும் மற்றொன்று பெருஞ்சீரகம் மணக்கவும் காணலாம். இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது, பயிரை விருத்தி செய்வோர்க்கு அது எவ்வாறு பயன்படுகின்றது, அது அழிந்தால் இழப்பு யாது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

தைலம் பிறக்குமிடம்

துளசி இலையைக் கையாற் கசக்கியவுடன் மணம் எழுதலை யாவரும் அறிவர். கசக்காத இலை அத்துணை மணப்பதில்லை. இதற்குக் காரணம் தைலம் இலை முழுவதும் பரந்திராது, இலையின் மேற்றோலில் உள்ள நுண்ணிய சுரப்பிகளுள் அடைபட்டுக் கிடத்தலாகும். இச்சுரப்பிகளுட் பெரியவை பரிசை வடிவின. அவற்றின் தலைப்பகுதியில் நான்கு கலங்கள் உள்ளன. அக்கலங்கள் ஆக்கிய தைலம் அவற்றின் மேலுள்ள மெல்லிய உறையின்கீழ்ச் சிறு பையிற் சேர்வதுபோலச் சேர்கின்றது. விரல் பட்டு உறை கிழியுந்தோறும் தைலம் வெளிப்பட்டுக் காற்றில் ஆவியாகி மூக்கை அடைகின்றது. தைலத்தின் அளவோ மிகச் சிறிது. கொதிநீராவி செலுத்தி வடித்தால் நூறு கிலோ பச்சிலையிலிருந்து பெறப்படும் தைலம் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும்.

இத்தைலம் ஒரு தனிப்பொருளன்று. பல பொருள்களின் கலவை. அவற்றுள் முதன்மையானவை இரு வழிகளால் ஆக்கப்படுகின்றன. முதலாவது வழி பீனைலலனின் என்னும் அமினோவமிலத்திலிருந்து தொடங்குவது. கராம்பின் மணத்துக்குக் காரணமான யூசினோல், பெருஞ்சீரகத்தை ஒத்த மணமுடைய மெதயில் சவிக்கோல், மெதயில் யூசினோல் ஆகியன இவ்வழியிற் பிறப்பன. இரண்டாவது வழி தேர்ப்பீன்களை ஆக்கும் வழி. மலர்மணமுடைய இலினலூல், யூக்கலித்தசு இலையை நினைவூட்டும் சினியோல், எலுமிச்சை மணமுடைய சித்திரால் ஆகியன இவ்வழியின. ஒரு செடியின் சுரப்பியில் எவ்வழி மிகுதியாகத் தொழிற்படுகின்றது, அவ்வழியின் எப்படியில் ஆக்கம் நின்றுவிடுகின்றது என்பதைப் பொறுத்தே அச்செடியின் மணம் அமைகின்றது.

ஓரினத்துட் பல மணம்

திருநீற்றுப்பச்சையின் தைலங்களை ஆராய்ந்த இலாரன்சு என்னும் அறிஞர் அவற்றை, மிகுந்துள்ள பொருளைக் கொண்டு, மெதயில் சவிக்கோல் வகை, இலினலூல் வகை, மெதயில் யூசினோல் வகை, மெதயில் சினமேற்று வகை என நான்காகப் பிரித்தார். 1996 இல் கியூவைச் சேர்ந்த கிரேயரும் பிறரும் மேலும் நுணுகி ஆராய்ந்து, இலினலூல் மட்டும் மிக்கது, மெதயில் சவிக்கோல் மட்டும் மிக்கது, இவ்விரண்டும் மிக்கது, இலினலூலும் யூசினோலும் மிக்கது, மெதயில் சவிக்கோலும் மெதயில் யூசினோலும் மிக்கது என ஐந்து வகைகளைக் கண்டனர். இவையெல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பது கருதற்பாலது. தாய்லாந்துச் சமையலிற் பயன்படும் திருநீற்றுப்பச்சையில் மெதயில் சவிக்கோல் மிகும். இத்தாலியில் அரைத்துக் கூட்டாக உண்ணப்படும் செனோவா நகரத்து வகையில் இலினலூலும் யூசினோல் சார்ந்த பொருள்களும் முதன்மை பெறும். ஆகவே சந்தையில் ‘திருநீற்றுப்பச்சைத் தைலம்’ என்று மட்டும் எழுதப்பட்ட புட்டியினுள் இருப்பது யாது என்பதை அப்பெயர் உணர்த்தமாட்டாது.

இத்துணை வேற்றுமைக்கு வேண்டிய மாற்றம் எவ்வளவு சிறியது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பிச்செர்சுக்கியும் அவர்தம் துணைவரும் 2002 இல் எடுத்துக்காட்டினர். சவிக்கோலை மெதயில் சவிக்கோலாக மாற்ற ஒரு நொதியமும், யூசினோலை மெதயில் யூசினோலாக மாற்ற மற்றொரு நொதியமும் இச்செடியில் உண்டு. இவ்விரு நொதியங்களும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒத்தவை. இவற்றின் தொழில் வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமாவது 260 ஆம் இடத்திலுள்ள ஒரேயோர் அமினோவமிலம். ஒன்றில் அவ்விடத்திற் பீனைலலனின் உண்டு. மற்றதிற் செரீன் உண்டு. நூற்றுக்கணக்கான எழுத்துக்களாலாகிய ஒரு வாக்கியத்தில் ஓரெழுத்துத் திரியப் பொருள் திரிதல் போன்றது இது.

இக்கண்டுபிடிப்பினின்று இனவிருத்தியாளர் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. மணம் சில பரம்பரையலகுகளால் ஆளப்படுமாயின் அதனைக் கலப்பினால் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லல் இயலும் என்பது ஒன்று. மணம் ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றாகாது என்பது மற்றொன்று. துளசியும் கராம்பும் யூசினோல் மணமுடையன. எனினும் அவை வெவ்வேறு குடும்பத்தன. மறுதலையாக, ஒரே தாய்ச்செடியின் வழித்தோன்றல்கள் சில வேறுவேறு மணமுடையனவாதலும் கூடும். நிறமும் இவ்வாறே. கருந்துளசியின் கருமை இலையிலுள்ள நிறப்பொருளால் ஆவது. தைலம் வேறு வழியில் ஆவது. ஆதலின் நிறத்தைக் கண்டு தைலத்தைத் துணிதல் பொருந்தாது.

பிறப்பும் சூழலும்

மணம் முழுவதும் பிறப்பினாலேயே அமைவது என்று கொள்ளலும் தவறாகும். வெயில், நீர், பசளை, செடியின் வயது, அறுவடை செய்யும் காலம் ஆகிய யாவும் தைலத்தின் அளவையும் சேர்க்கையையும் மாற்றுகின்றன. செனோவா வகைத் திருநீற்றுப்பச்சையை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர்கள் 2001 இல் வெளியிட்ட முடிவு இதற்குத் தக்க சான்று. பத்துச் சென்ரிமீற்றர் உயரம் வரையுள்ள இளஞ்செடிகளில் மெதயில் யூசினோல் மிக்கிருந்தது. அதனினும் உயர வளர்ந்த செடிகளில் யூசினோல் மிக்கிருந்தது. செடி ஒன்றே, வயது வேறாகத் தைலமும் வேறாயிற்று.

ஆகவே இரு செடிகளின் தைலங்களை ஒப்பிடுவோர் அவற்றை ஒரே நிலத்தில், ஒரே காலத்தில் வளர்த்து, ஒரே பருவத்தில் அறுத்து, ஒரே முறையால் வடித்தல் வேண்டும். அங்ஙனம் செய்தபின்னும் எஞ்சி நிற்கும் வேறுபாடே பிறப்பினால் வந்ததெனக் கொள்ளத்தக்கது. அதனை உறுதிசெய்தற்கு இக்காலத்திற் பரம்பரைப் பொருளாகிய டி. என். ஏ. யையே நேரிற் சோதிக்கும் முறைகள் வழங்குகின்றன. செடியின் வயதாலும் வெயிலாலும் டி. என். ஏ. யின் எழுத்து வரிசை மாறுவதில்லையாதலின், உறவை அறிதற்கு அதுவே நம்பத்தக்க சாட்சி. உருவம் ஒன்றைச் சொல்லும், தைலம் ஒன்றைச் சொல்லும், டி. என். ஏ. ஒன்றைச் சொல்லும். மூன்றையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தாலன்றி ஒரு செடியின் இயல்பு தெளிவாகாது.

2015 இல் இந்தியாவில் இலக்னோவிலும் பெங்களூரிலும் இருந்த ஆய்வாளர்கள் துளசியின் டி. என். ஏ. முழுவதையும் வாசித்து வெளியிட்டனர். இலக்னோ ஆய்வின்படி அதன் நீளம் ஏறத்தாழ 38 கோடி எழுத்துக்கள். திருநீற்றுப்பச்சையின் வாசிப்பு 2020 இல் இசுரேலிலிருந்து வெளிவந்தது. அதன் நீளமோ 200 கோடி எழுத்துக்களுக்கு மேற்பட்டது. திருநீற்றுப்பச்சை நான்மடியமாதல், அஃதாவது நிறமூர்த்தத் தொகுதி நான்கு முறை அமைந்திருத்தல், இப்பெருக்கத்துக்கு ஒரு காரணமாகும். நான்மடியத்தில் ஒரே பரம்பரையலகு பல வடிவங்களில் இருத்தல் கூடும். அது வேற்றுமைக்கு இடமளிக்கின்றது. இனவிருத்தியாளரின் வேலையைக் கடினமாக்கவும் செய்கின்றது.

நோக்கத்துக்கேற்ற பயிர்

இனவிருத்தியின் முதற்படி தேர்தல். வேறுபாடுள்ள கூட்டத்தில் வேண்டியதைத் தெரிந்து, அதன் விதையை விதைத்து, மீண்டும் தெரிந்து, தலைமுறைதோறும் ஒருதன்மைத்தாக்குதல் இதன் முறை. அமெரிக்காவிற் கனெற்றிக்கட் பல்கலைக்கழகத்தில் 1950 களில் விருத்தி செய்யப்பட்ட ‘டாக் ஓப்பல்’ என்னும் கருஞ்செந்நிற வகை 1962 இற் பரிசு பெற்றது. பேர்டூ பல்கலைக்கழகத்தில் விருத்தியாகி 1998 இற் பரிசு பெற்ற ‘சுவீற் டானி’ எலுமிச்சை மணமுடையது. பெருந்துளசியிலிருந்து யூசினோல் மிக்க ஒரு வகையை யம்மு ஆய்வுகூடத்தார் தெரிந்தெடுத்துக் கராம்பின் பெயரையும் ஓசிமத்தின் பெயரையும் இணைத்துக் ‘குளோசிமம்’ எனப் பெயரிட்டனர். கராம்பு மரம் பயன்தரப் பல ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். இச்செடியோ விரைவிற் பலன் தருவது. இலக்னோவிலுள்ள மருந்து மணத் தாவர நடுவண் நிறுவனம் வெளியிட்ட துளசி வகைகளுள் யூசினோல் மிக்க ‘சிம் ஆயு’ குறிப்பிடத்தக்கது.

எப்பொருள் மிகுதல் நன்று என்பது நோக்கத்தைப் பொறுத்தது. இதற்கு மெதயில் யூசினோலே சான்று. மாம்பழத்தைத் துளைக்கும் பழ ஈயின் ஆண்களை இப்பொருள் வெகுதூரத்திலிருந்து ஈர்க்கும். ஆதலின் மாந்தோப்புக்களிற் பொறி வைப்போர்க்கு அது வேண்டற்பாலது. உணவிலோ இதன் நிலை வேறு. மெதயில் யூசினோலையும் மெதயில் சவிக்கோலையும் தனிப்பொருளாக உணவிற் சேர்த்தலை ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் ஆக்கிய விதியால் விலக்கியுள்ளது. மிகுந்த அளவில் இவை புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என விலங்குகளிற் செய்த சோதனைகள் காட்டியமையே காரணம். இலையைச் சிறிதளவு உணவிற் கூட்டுதலும் வடித்த தைலத்தை உட்கொள்ளுதலும் ஒன்றல்ல என்பதும் இங்கு மறக்கற்பாலதன்று. உணவுக்கென விருத்தி செய்வோர் இவ்விரு பொருள்களும் குறைந்து இலினலூலும் யூசினோலும் மிக்க செடிகளை நாடுதல் இயல்பு. இரு வகையார்க்கும் வேண்டிய செடி இயற்கையின் வேற்றுமையுள் உண்டு. வேற்றுமை இல்லையேல் தேர்தலும் இல்லை.

நோய் கற்பித்த பாடம்

இவ்வேற்றுமையின் அருமையை உலகுக்கு உணர்த்தியது ஒரு நோய். திருநீற்றுப்பச்சையின் இலை முதலிற் பசளைக் குறைவால் வாடியதுபோல மஞ்சளாகும். இலையைப் புரட்டிப் பார்த்தால் கீழ்ப்பக்கத்தில் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும். பங்கசை ஒத்த ஒரு நுண்ணுயிரின் வித்திகளே அத்தூள். பூஞ்சண நோய் எனப்படும் இது 1930 களில் உகண்டாவிற் காணப்பட்டுப் பின்னர் நெடுங்காலம் பேசப்படாதிருந்தது. 2001 இற் சுவிற்சலாந்திலும், 2003 இல் இத்தாலியிலும், 2007 இல் அமெரிக்காவிலும் தோன்றியது. விதையோடும் காற்றோடும் பரவும் இயல்பினதாதலின் சில ஆண்டுகளுள் கண்டங்கள் பலவற்றிற் பரந்தது. இலையையே விற்கும் பயிராதலின், இலை கறைப்பட்டால் அறுவடை முழுவதும் வீணாகும்.

அந்நாளிற் பெருந்தோட்டங்களிற் பயிரிடப்பட்டவை தோற்றத்தாலும் மணத்தாலும் ஒன்றையொன்று ஒத்த இனிய வகைகள். சந்தை விரும்பிய ஒருமைப்பாடே நோய்க்கு வாயிலாயிற்று. ஒன்று பட்டால் யாவும் பட்டன. எதிர்ப்பாற்றல் எங்கேனும் உண்டோ என ஆய்வாளர் தேடத் தொடங்கினர். அது கிடைத்த இடங்கள் எவரும் விரும்பிப் பயிரிடாத செடிகளாயிருந்தமை நோக்கத்தக்கது.

இசுரேலிற் பார் இலான் பல்கலைக்கழகத்தார் நாய்த்துளசியின் ஒரு வழியில் வலிய எதிர்ப்பாற்றலைக் கண்டனர். ஆயின் அது வேறினம். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை மலடாதல் போல, இரு இனங்களின் கலப்பிற் பிறந்த செடியும் மலடாயிற்று. 1983 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நாற்றுமேடை ஒன்றில் கற்பூரத்துளசிக்கும் ‘டாக் ஓப்பல்’ வகைக்கும் தேனீக்களால் தற்செயலாக நிகழ்ந்த கலப்பிற் பிறந்த ‘ஆபிரிக்கன் புளூ’ என்னும் செடியும் இத்தகையதே. அது பூக்கும், வித்துத் தராது, தண்டை வெட்டி நட்டே பெருக்கப்படுகின்றது. பார் இலான் ஆய்வாளர் பெருமுயற்சியால் இத்தடையைக் கடந்து, கலப்புச் செடியை மீண்டும் மீண்டும் இனிய வகையோடு சேர்த்து, எதிர்ப்பை ஆளும் பரம்பரையலகைத் திருநீற்றுப்பச்சையுள் நிலைநிறுத்தினர். இவ்வரலாறு 2018 இல் வெளியிடப்பட்டது. ‘புரொஸ்பெரா’ என்னும் வகை அம்முயற்சியின் பயன்.

அமெரிக்காவில் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்துச் சைமனும் அவர்தம் துணைவரும் வேறு வழி சென்றனர். ஆபிரிக்கக் கரையிலுள்ள சன்சிபார்த் தீவிலிருந்து வந்த ‘மிறிகானி’ என்னும் வகை திருநீற்றுப்பச்சை இனத்தையே சேர்ந்தது, நோயையும் எதிர்ப்பது. இனம் ஒன்றாதலின் கலப்புப் பிள்ளைகள் மலடாகவில்லை. ஆனால் மிறிகானியின் இலையும் மணமும் சந்தை விரும்பிய இனிய வகையினின்று வேறானவை. எதிர்ப்பாற்றலோடு வேண்டாத மணமும் உடன்வரும். வேண்டியதைக் கொண்டு வேண்டாததை விலக்குதற்குத் தலைமுறை தலைமுறையாகத் தேர்தல் நிகழ்ந்தது. நோயைத் தாங்கிய செடிகளுள்ளும் மணம் பொருந்தியவற்றையே ஆய்வாளர் மேற்கொண்டு வளர்த்தனர். பல ஆண்டு முயற்சியின் பின் 2018 இல் நோயெதிர்க்கும் நான்கு வகைகள் வெளியாயின. பிறப்பியலும் தைலவியலும் ஒன்றையொன்று பிரிந்து இயங்கவியலாமை இவ்வரலாற்றால் விளங்கும். எதிர்ப்பாற்றலை மட்டும் நோக்கியிருப்பின் நோயற்ற செடி கிடைத்திருக்கும். அதை உண்பார் இருந்திரார்.

கதை அத்துடன் முற்றுப்பெறவில்லை. நோய்க்கிருமியும் மாறும் இயல்பினது. நாய்த்துளசியிலிருந்து பெற்ற ஒரு பரம்பரையலகின் தடையைக் கடக்கும் புதிய கிருமி வகைகள் தோன்றின. அதனால் இரண்டாவது பரம்பரையலகொன்றையும் அதனோடு சேர்க்க வேண்டியதாயிற்று. ஒருமுறை எடுத்துக்கொண்டு பின்னர் பூட்டிவைக்கத்தக்க களஞ்சியமன்று வேற்றுமை வளம். தேவை எழுந்தபோதெல்லாம் மீண்டும் சென்று நாடவேண்டிய ஊற்று.

காக்கும் கடன்

இவ்வூற்றைக் காத்தற்கெனப் பல நாடுகளில் விதைக் களஞ்சியங்கள் உள்ளன. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரிலுள்ள நிலையத்தில் ஓசிமச் சாதியின் விதைகள் பல நாடுகளிலிருந்து திரட்டிப் பேணப்படுகின்றன. குளிரறையில் விதையை வைத்தலோடு காத்தல் முடிவதில்லை. குறித்த காலத்தில் அதனை விதைத்துப் புதுவித்துப் பெறுதல் வேண்டும். இச்செடிகள் தம் பூந்தூளாலும் கருக்கட்டும். தேனீக்கள் கொணரும் பிற பூந்தூளாலும் கருக்கட்டும். ஆதலின் இரு வகைகள் அயலயலாகப் பூத்தால் வித்துக் கலப்புறும்; சில தலைமுறைகளில் இரண்டின் தனித்தன்மையும் மறையும். வலையிட்டோ தூரத்தில் நட்டோ அவற்றைப் பிரித்து வளர்த்தல் இன்றியமையாதது.

களஞ்சியத்துள் வந்து சேர்ந்தவற்றினும் சேராதவை பல. நாடெங்கும் மனைமுற்றங்களிலும் கோயில் வளவுகளிலும் வளரும் துளசிகள் யாவும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன. ஒரே பெயராதலின் அவை ஒன்றே எனக் கருதப்படுகின்றன. ஒன்றெனக் கருதப்படும் பொருளில் ஒரு செடி பட்டால் அயல்வீட்டுக் கன்றைக் கொணர்ந்து நட்டுவிடுவர். பட்டது எத்தகையது, நட்டது எத்தகையது என்று கேட்பாரில்லை. வணிகர் தரும் ஒரே வகை விதை ஊரெல்லாம் பரவும்போதும் இவ்வாறே பழைய வகைகள் ஓசையின்றி மறையும். மறைந்தவற்றுள் வருங்காலத்து நோயொன்றுக்கு மருந்தாகத்தக்க பரம்பரையலகு இருந்திருக்கலாம்.

இதனைத் தடுத்தற்கு வேண்டிய முதற்பணி பெருஞ்செலவினதன்று. எவ்விடத்துச் செடி, இலை எந்நிறத்தது, பூ எந்நிறத்தது, கசக்கினால் மணம் எதனை ஒத்தது, எத்தனை தலைமுறையாக அவ்வீட்டில் வளர்கின்றது என்பனவற்றைக் குறித்து, முற்றிய விதையை உலர்த்தி, பெயரும் நாளும் இட்டு வைத்தல் ஒரு பாடசாலைத் தாவரவியல் வகுப்பினாலும் இயலும். தைலத்தைப் பகுத்தலும் டி. என். ஏ. யை வாசித்தலும் பின்னர் ஆய்வுகூடங்கள் செய்யத்தக்கவை. செடி இருந்தாலன்றோ அவை நிகழும்? மிறிகானியின் விதையைச் சன்சிபாரில் எவரோ தம் கொல்லையில் தலைமுறையாகப் பேணியமையாலேயே அது பிறிதொரு கண்டத்துப் பயிரைக் காத்தது. பேணியவர் அதனை எதிர்பார்த்துப் பேணினாரல்லர். அதன் மணம் தமக்கு உகந்ததாயிருந்தமையாற் பேணினார். துளசியை வழிபாட்டின் பொருட்டு வளர்ப்பாரும், திருநீற்றுப்பச்சையை விதையின் பொருட்டு வளர்ப்பாரும் அத்தகைய காவலரே. தாம் காப்பது ஒன்றன்று, பல என்பதை அறிந்து காப்பாராயின் அக்காவல் முழுமை பெறும்.